ஸ்ட்ராங் ரூமில் ஒரு பெண் பார்க்கும் படலம்

பெண் பார்க்கப் போகிற பையனுக்கு ஊரே புத்தி சொல்லும். அதிகம் பேசாதே, காலை ஆட்டாதே, ஃபோனை நோண்டாதே, பஜ்ஜித் தட்டை மூன்றாம் முறை உன் பக்கம் இழுக்காதே. எனக்கும் சொன்னார்கள். ஆனால், 'பெண்ணோட அப்பாவை இரும்புக் கம்பிக் கதவுக்குள்ள வச்சுப் பூட்டிராதே' என்று ஒரு மனிதர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன். (செய்திருப்பேன். அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பு அப்படி.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தாராவியில் கீழே ஒரு அறை, அதன் தலைமேல் ஒரு மாடியறை, இரண்டுக்கும் நடுவே வெளிப்பக்கமாக ஓர் இரும்பு ஏணி. இதுதான் எங்கள் வீடு. அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா. நான் அந்தேரியில் ஒரு டிராவல் கம்பெனியில் டிக்கெட் போடுகிற வேலை. நாளெல்லாம் மற்றவர்களைப் பாரிசுக்கும் துபாய்க்கும் அனுப்பிவிட்டு, சாயங்காலம் லோக்கல் ரயிலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வீடு திரும்புவேன். ஆனாலும் உலகம் சுற்றியவன் மாதிரி ஒரு பேச்சு என்னிடம் ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் சபையைச் சேர்ந்த லில்லி அக்காதான் சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் பெயர் ஜெமிமா. நெருளில் வீடு, பன்வேலில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை. அப்பா ஞானமுத்து துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். "கொஞ்சம் பெரிய எடம்டா செல்வின், பாத்து நடந்துக்க" என்று லில்லி அக்கா ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் 'பெரிய எடம்' என் மண்டைக்குள் நுழைந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

"வீட்டுக்கு வரச் சொல்லுல. ஆட்டுக்கறி வச்சு இடியாப்பம் அவிச்சு வைக்கேன். வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போட்டும்" என்றாள் அம்மா.

"அம்மா, அவங்க லிஃப்ட் வச்ச பில்டிங்ல இருக்கிறவங்க. நம்ம ஏணியில ஏறுவாங்களா?"

"ஏன், அவிய காலு என்ன கண்ணாடியா?"

"நான் வேற எடம் பாத்து வச்சிருக்கேன்."

நான் பார்த்து வைத்திருந்த இடம் பம்பாய் கோட்டைப் பகுதியில் இருக்கும் ஒரு பெரிய நட்சத்திர ஹோட்டல். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் என்னை மறந்திருக்க வழியில்லை, நானாக எதற்கு நினைவுபடுத்த வேண்டும்? வெள்ளைக்காரர் காலத்தில் அது ஒரு வங்கி. பிற்பாடு யாரோ வாங்கி, கல் தூண்களையும் கண்ணாடிக் கூரையையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மட்டும் ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். ஒரு காலத்தில் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து பணம் வாங்கிய பித்தளைக் கம்பி போட்ட கவுன்ட்டரில் இப்போது கேக் வைத்திருந்தார்கள். நடு மண்டபத்தில் சோபாக்கள். நிலவறையில் பழைய ஸ்ட்ராங் ரூம். அதற்குள் நீள மேஜை போட்டு, பணக்காரர்கள் தனியாக விருந்து சாப்பிடும் அறை ஆக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருமுறை கம்பெனி மீட்டிங்குக்காக அங்கே போயிருக்கிறேன். வந்தவர்களுக்கெல்லாம் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். நான் தண்ணீர் குடித்தேன், ஒரு பிஸ்கட் சாப்பிட்டேன். அந்த ஒரு பிஸ்கட்டை நம்பி, லில்லி அக்காவிடம், "எனக்குப் பழக்கமான எடம்தான், அடிக்கடி போவேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்து, நான்கு மணி டீக்குப் போனோம். வாசலிலேயே தகராறு ஆரம்பித்தது. விமான நிலையத்தில் இருப்பது போலப் பையை ஒரு எந்திரத்துக்குள் விட்டுப் பார்க்கிறார்கள். அம்மாவின் பை உள்ளே போனது. திரையில் வரிசை வரிசையாகக் கறுப்பு உருண்டைகள். காவலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாஜி, யே க்யா ஹை?"

"முந்திரிக்கொத்து" என்றாள் அம்மா, அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்ற தொனியில்.

"அம்மா, எதுக்கும்மா இது? நான்தான் ஹோட்டல்ல எல்லாம் இருக்கும்னு சொன்னேன்ல?"

"மொத மொதல்ல பாக்கப் போறோம், வெறுங்கையோடயா போவாவ?" என்றவள், டப்பாவைத் திறந்து காவலாளியின் கையில் இரண்டு வைத்தாள். "காவோ பேட்டா." அவர் கடித்துப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு எங்களை உள்ளே விட்டார். அன்றைக்கு அந்த ஹோட்டலில் எங்களுக்குக் கிடைத்த கடைசி மரியாதை அது.

பெண் வீட்டார் மூவரும் ஏற்கெனவே வந்து சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஞானமுத்து மாமா (இப்போது மாமா, அன்றைக்கு அங்கிள்) இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், அடர்ந்த மீசையோடு, எதிரே இருந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பட்டுச் சேலையின் முந்தானையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். ஜெமிமா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். (என் சட்டையின் கழுத்துப் பட்டியில் கடைக்காரன் ஒட்டிய சைஸ் ஸ்டிக்கர் அப்படியே இருந்ததாம். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தாளாம்.)

"தம்பி இங்க அடிக்கடி வருவாவளாமே" என்று அத்தை ஆரம்பித்தார்.

"ஆமா ஆன்ட்டி. கிளையன்ட் மீட்டிங், அது இதுன்னு..."

அந்த நேரம் பார்த்து வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர் வந்து குனிந்தார். "வெல்கம் சர். ஃபர்ஸ்ட் டைம் ஹியர்?"

நான் இருமினேன். ஜெமிமாவின் தலை இன்னும் குனிந்தது.

மூன்றடுக்குத் தட்டில் டீயும் பலகாரமும் வந்தன. விரல் நீளத்துக்கு வெட்டிய வெள்ளரிக்காய் சான்ட்விச், பொத்தான் அளவுக்குக் கேக். "இது யாருக்குல, பொம்மைக்கா?" என்று அம்மா என் காதில் சொன்னது கவுன்ட்டர்வரை கேட்டது.

பேச்சு நகரவில்லை. ஞானமுத்து மாமா என்ன கேட்டாலும் "ம்" என்றார். ஆனால் அவர் கோப்பை மட்டும் காலியாகவே இல்லை. பணியாளர் அவர் பின்னாலேயே நின்றுகொண்டு, ஒரு வாய் குடித்தால் இரண்டு வாய் ஊற்றினார். வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை என்று நினைத்து மனிதர் குடித்துக்கொண்டே இருந்தார். டீ முடிந்தால் எலுமிச்சைத் தண்ணீர், அது முடிந்தால் மறுபடியும் டீ. அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. எழுந்து போய் 'அந்த இடம்' எங்கே என்று விசாரிக்க, சம்பந்தம் பேச வந்த இடத்தில் அவருக்குக் கூச்சம் என்பதும் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், இவர் என்னைக் கண்டு அசரவில்லை என்பதுதான். எப்படியாவது அசர வைக்க வேண்டும்.

"வாங்க அங்கிள், கீழ பழைய ஸ்ட்ராங் ரூம் இருக்கு. பாத்துட்டு வரலாம்" என்று எழுந்தேன்.

அவர் சட்டென்று எழுந்தார். என் மேல் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்தேன். (போகிற வழியில் கழிப்பறை தென்படும் என்ற ஆர்வம் அது.)

நிலவறைக்குப் படியிறங்கினோம். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கனத்த இரும்புக் கதவு, சுவரோடு சேர்த்து நிரந்தரமாகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு உட்புறம் இன்னொரு கதவு, ஜெயிலில் இருப்பதைப் போன்ற கம்பிக் கதவு. அதைச் சிவப்பு வெல்வெட் கயிற்றால் சுவரோடு கட்டி, பக்கத்தில் ஒரு சிறிய பலகை வைத்திருந்தார்கள். அதில் 'தயவுசெய்து இந்தக் கதவை மூட வேண்டாம்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. படித்தேன். நன்றாகவே படித்தேன். அது வெளியாட்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளே சுவர் முழுக்கப் பழைய லாக்கர் பெட்டிகள். நடுவில் ராத்திரி விருந்துக்காகத் தயாராக வைத்திருந்த நீள மேஜை. வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் கிண்ணங்கள், ஐஸ் போடுகிற வெள்ளி வாளி ஒன்று.

"அந்தக் காலத்துல சாயங்காலம் ஆனா எப்படி மூடுவாங்க தெரியுமா அங்கிள்?" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்து, கதவை உள்பக்கமாக நின்று இழுத்தேன். அவ்வளவு கனமான கதவு வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வந்தது. 'டணார்' என்று ஒரு சத்தம். பிறகு எங்கோ உள்ளுக்குள்ளே 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"இப்படித்தான்" என்றேன்.

"ம். தெறங்க" என்றார் அவர். அன்று என்னிடம் பேசிய முதல் முழு வார்த்தை.

இழுத்தேன். தள்ளினேன். தோளால் முட்டினேன். வங்கிக்காரர்கள் கட்டிய கதவு, வங்கிக்காரர்கள் மாதிரியே அசைந்துகொடுக்கவில்லை.

சத்தம் கேட்டு ஐந்து நிமிடத்தில் மேனேஜர் ஓடிவந்தார். கோட்டுப் போட்ட, மெலிந்த மனிதர். என்னையும் கதவையும் கயிற்றையும் பலகையையும் வரிசையாகப் பார்த்து, கடைசியில் கதவைத் தொட்டுத் தடவினார், அதற்கு அடிபட்டுவிட்டதோ என்று.

"சாபி கிதர் ஹை?" என்று கேட்டேன்.

"சாவி பேங்கோடயே போயிருச்சு சார். இது ஹெரிடேஜ் கேட். யாரும் மூடக் கூடாதுன்னுதான் கட்டி வச்சிருக்கோம்" என்று இந்தியில் சொன்னார். எங்கிருந்தோ ஒரு பெரிய சாவிக் கொத்தைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் சேரவில்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் பராமரிப்பு ஆள். மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார். பழங்காலக் கதவை வெட்டுவதென்றால் ஆர்க்கிடெக்ட் சம்மதிக்க வேண்டும். ஆர்க்கிடெக்ட் கோவாவில் இருக்கிறார். அவர் ஃபோனை எடுக்கவில்லை.

இதற்குள் அம்மா, அத்தை, ஜெமிமா மூவரும் இறங்கி வந்துவிட்டார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் அவரும். அந்தப் பக்கம் இரண்டு குடும்பம். மனு போட்டுப் பார்க்க வந்தவர்களைப் போல அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, உள்ள காத்து வருதா?" என்றார் கணவரிடம்.

"காத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

"ஏல செல்வின், ஒழுங்கா வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தா இந்நேரம் கை கழுவிட்டு உக்காந்திருப்போம்லா!" என்று அம்மா எல்லார் முன்னாலும் சொன்னாள்.

மேனேஜர் ஆர்க்கிடெக்டைத் தேடிப் படியேறினார். பெண்கள் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் மேஜையைச் சுற்றி நடந்தேன். ஞானமுத்து மாமாவும் நடந்தார். முதலில் மெதுவாக நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். பிறகு நடப்பதை நிறுத்திவிட்டு, ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் பின்னிக்கொண்டு லாக்கர் எண்களைப் படித்தார். நெற்றியில் வேர்வை. நெஞ்சு வலியோ என்று பதறிப் பக்கத்தில் போனேன்.

"அங்கிள், என்ன செய்யுது?"

அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் முழங்கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தார். அந்தப் பெரிய மீசை என் காதில் உரசியது.

"மாப்ள..."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "என்ன சொன்னீங்க?"

"அவசரம்னு சொன்னேன்."

"இல்ல, அதுக்கு முன்னாடி?"

"யோவ், நிக்க முடியலவே! சுகருக்கு மாத்திர சாப்பிடுதேன். மேல வச்சே வந்திட்டு. எப்பிடிக் கேக்கன்னு தெரியாம உக்காந்திருந்தேன். ஏதாவது வழி பண்ணும்."

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். அவரும் பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் ஒரே நேரத்தில் அந்த வெள்ளி வாளியில் போய் நின்றன.

அடுத்த ஒரு நிமிடத்தில் நான் காட்டிய சுறுசுறுப்பை ஆபீஸில் காட்டியிருந்தால் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பேன். கண்ணாடிக் கிண்ணங்களைத் தரையில் இறக்கி வைத்தேன். மேஜை விரிப்பை உருவினேன். மூலையில் அவரை நிறுத்தி, வாளியைக் கையில் கொடுத்து, விரிப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கித் திரைபோலப் பிடித்தேன், அவருக்கு முதுகும் கதவுக்கு முகமுமாக.

ஆனால் நான் ஒன்றை யோசிக்கவில்லை. வாளி வெள்ளி. அறை இரும்பு. உள்ளே ஒரு ஊசி விழுந்தாலும் கோயில் மணிபோலக் கேட்கும். முதல் சொட்டு விழுந்ததுமே 'டிங்' என்று ஒரு ஒலி கிளம்பி நான்கு சுவரிலும் மோதித் திரும்பியது. பெஞ்சில் இருந்த அத்தை நிமிர்ந்தார்.

"அங்க என்ன சத்தம்?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாயைத் திறந்து, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிப் பாட ஆரம்பித்தேன்.

நான் சபைப் பாடகர் குழுவில் இருப்பவன். பயத்தில் முதலில் நாக்கில் வந்தது அறுப்பின் பண்டிகைக்குப் பாடுகிற ஒரு பாட்டு. பல்லவி முடிந்து சரணத்துக்குப் போன பிறகுதான், அது முழுக்க முழுக்க மழையையும் ஊற்றையும் பெருகி ஓடும் ஆற்றையும் பற்றிய பாட்டு என்பது உறைத்தது. நடுவில் மாற்ற முடியுமா? ஆற்றில் இறங்கியாகிவிட்டது. பின்னாலிருந்து, "வேற பாட்டே கெடைக்கலியா உமக்கு?" என்று ஒரு முனகல் வந்தது.

பெஞ்சில் இருந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ. மகன் ஆபத்தில் கர்த்தரைக் கூப்பிடுகிறான் என்று கண்கலங்கி, எழுந்து நின்று, அவளும் சேர்ந்து பாடினாள். அம்மா பாடினால் அத்தை சும்மா இருப்பாரா? அவர் நெருள் சபையில் முதல் வரிசை. அவரும் எழுந்தார். நிலவறை முழுக்க எதிரொலித்தது. மேலே டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் கும்பலாகப் படியில் இறங்கி வந்தார்கள். ஹோட்டல் ஏற்பாடு செய்த கலைநிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள்போல. கம்பிக்குள்ளே ஒருவன் வெள்ளைத் துணியைச் சிலுவையில் அறைந்ததுபோல் விரித்துப் பிடித்துக்கொண்டு கதறிக் கதறிப் பாடுகிறான். எல்லாரும் ஃபோனை எடுத்தார்கள்.

கடைசிச் சரணத்தையும் முடித்துவிட்டேன். பின்னால் ஆறு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. (எத்தனை கோப்பை டீ!) மறுபடி பல்லவியிலிருந்து ஆரம்பித்தேன். முடிந்தபோது பலத்த கைதட்டல். ஓர் அம்மாள் "ஒன்ஸ் மோர்" என்றார்.

பாடாதவள் ஜெமிமா ஒருத்திதான். பெஞ்சில் உட்கார்ந்தபடியே விரிப்புக்குக் கீழே தெரிந்த தன் அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்தாள். கூட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே கையை விரித்து நின்று, "ப்ரேயர் கோயிங் ஆன். நோ ஃபோட்டோ, ப்ளீஸ். கோ அப்ஸ்டேர்ஸ்" என்று எல்லாரையும் படியேற்றி அனுப்பினாள். அதே வேகத்தில் திரும்பி, ஃபோனோடு இறங்கி வந்துகொண்டிருந்த மேனேஜரைப் பிடித்தாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"தேகோ சாப், உங்க கேட் நூறு வருஷமா நிக்குது. இன்னும் நூறு வருஷம் நிக்கும். எங்கப்பாவால நிக்க முடியாது. சுகர் பேஷன்ட். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க ஆர்க்கிடெக்ட் கோவாவுலருந்து வந்து பதில் சொல்லுவாரா? கட்டர் கொண்டு வாங்க. அந்த ஆளு அடுத்த பாட்டை ஆரம்பிக்கிறதுக்குள்ள கொண்டு வாங்க!"

இது அத்தனையும் சுத்தமான பம்பாய் இந்தியில், மூச்சு விடாமல். 'அந்த ஆளு' நான்தான். ஆனாலும் கம்பி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று தோன்றியது. கூடவே, அதற்கு இனி வாய்ப்பே இல்லை என்பதும் தோன்றியது.

கட்டர் வந்தது. தீப்பொறி பறந்தது. மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பூட்டு விழுந்து கதவு திறந்தபோது, ஞானமுத்து மாமா யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியேறி அத்தைக்குப் பின்னால் போய் நின்றார். நான் நாப்கின் போட்டு மூடிய வாளியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, நற்கருணைப் பாத்திரத்தைக் கொண்டுபோகிற பயபக்தியோடு படியேறினேன். கழிப்பறையைக் கண்டுபிடித்து ஊற்றிவிட்டால் கதை முடிந்தது.

மண்டபத்தின் நடுவே வெள்ளைக் கையுறை வழிமறித்தது. "மே ஐ, சர்?"

"வேண்டாம், நானே பாத்துக்கிறேன்."

"நோ சர், ப்ளீஸ் சர்." அவர் வாளியின் ஒரு காதைப் பிடித்தார். நான் மறு காதைப் பிடித்தேன். அவர் இழுக்க, நான் இழுக்க, உள்ளே 'சலக்' என்றது. வெள்ளி வாளியோடு ஒருவன் வாசல் பக்கமாகப் போகிறான் என்று பார்த்த காவலாளி, சற்று முன் முந்திரிக்கொத்து சாப்பிட்டவரேதான், ஓடிவந்தார்.

"சாமான் வச்சுட்டுப் போங்க. துணியை எடுங்க. உள்ள என்ன?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பின்னால் இரண்டு குடும்பமும் படியேறி வந்து நின்றது. ஞானமுத்து மாமாவின் முகத்தைப் பார்த்தேன். கப்பலையே இறக்கி ஏற்றிய மனிதர், சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துப்போய் நின்றார். அவர் கண்கள் என்னிடம் எதையோ கேட்டன.

"உள்ள... என்னோடதுதான்" என்றேன். "எனக்குத்தான் அவசரம். அடக்க முடியல. ஸாரி."

பணியாளர் வாளியை விட்டுவிட்டார். கையுறையையும் கழற்றிவிட்டார்.

"சீச்சீ!" என்றார் அத்தை. "பாட்டுப் பாடிக்கிட்டேவா?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மேனேஜர் என் அருகே வந்து, மிகத் தணிந்த குரலில், பில் எதுவும் வேண்டாம், தயவுசெய்து கிளம்பினால் போதும் என்றார்.

ஸ்டேஷன்வரை இரண்டு குடும்பமும் ஒரே நடைபாதையில் முன்னும் பின்னுமாக நடந்தோம். அவர்கள் நெருளுக்கு, நாங்கள் தாராவிக்குப் பக்கத்து ஸ்டேஷனான சயானுக்கு. நடைமேடை பிரிகிற இடத்தில் ஜெமிமா மட்டும் பின்தங்கி என் பக்கத்தில் வந்தாள்.

"பொய் சொன்னிய."

"என்ன பொய்?"

"நான் லேப்ல வேல பாக்கேன். தெனமும் எத்தன பேரு யூரின் பாட்டில நீட்டுதாவ தெரியுமா? அவசரத்துல நிக்கிற ஆளு மூஞ்சி எனக்குத் தெரியும். உங்க மூஞ்சில அது இல்ல. எங்கப்பா மூஞ்சிலதான் இருந்துச்சு." என் கழுத்துப் பட்டியைப் பார்த்தாள். "சட்ட ஸ்டிக்கர எடுத்துருங்க. வந்ததுலருந்து ஒட்டிக்கிட்டு இருக்கு."

சிரித்துக்கொண்டே ஓடிப்போய் ரயிலேறிவிட்டாள்.

அந்த வாரம் லில்லி அக்கா வீட்டுக்கு வந்தார். "அந்த வீட்டுல பெரிய சண்டைடா. அந்தம்மா, 'அடக்க ஒடுக்கம் இல்லாத பய, வேண்டவே வேண்டாம்'ங்காவ. அவரு, 'கட்டுனா அந்தப் பையனுக்குத்தான் கட்டுவேன்'னு நிக்காரு. ஏன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு. பொண்ணும் அப்பா பக்கம். நீ அந்தக் கம்பிக்குள்ள வச்சு அவருக்கு என்னல மந்திரம் போட்ட?"

அடுத்த ஞாயிறு மூவரும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஞானமுத்து மாமா இரும்பு ஏணியில் எல்லாருக்கும் முன்னால் ஏறினார். அம்மா பரிமாறிய இடியாப்பத்தை எண்ணிக்கையே இல்லாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் கூச்சமே இல்லாமல் எழுந்து, "மாப்ள, பாத்ரூம் எங்கருக்கு?" என்றார். அத்தை மட்டும் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து ஓரடி தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

கல்யாணம் நடந்தது. பிள்ளையும் பிறந்தது. மாமாவும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. சென்ற கிறிஸ்துமஸ் அன்று, எல்லாரும் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை வழக்கம்போல விருந்தாளிகளுக்கு அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மாமா திடீரென்று தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"போதும்ளா. அன்னைக்கு அது மாப்ள இல்ல. நான்தான். எனக்குத்தான் முட்டிக்கிட்டு வந்துச்சு. அவன் என் மானத்த மறைக்கத் துணியப் பிடிச்சுக்கிட்டு நின்னான். எனக்காகத்தான் பாடுனான்."

இத்தனை வருடக் கறை கழுவப்பட்டது என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளா? மருமவனக் காப்பாத்த இவிய எப்பிடிப் பொய் சொல்லுதாவன்னு! இந்த மனசு யாருக்கு வரும்?"

எல்லாரும் மாமாவின் பெருந்தன்மையை மெச்சினார்கள். ஜெமிமா சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். இப்போது நான் இதை எழுதுவதும் அந்தத் தைரியத்தில்தான். அத்தை படித்தாலும் ஒரு வரிகூட நம்பப் போவதில்லை.

போன மாதம் கல்யாண் ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மாமா வீட்டிலிருந்து கிளம்பினோம். எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறோம். அத்தை வாசலில் நின்று, லிஃப்டுக்காகக் காத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மருமவனே, போயிட்டு வந்துட்டியளா? ரொம்ப தூரம். ரயிலு இது, வாளி கெடைக்காது" என்றார்.

"போயிட்டேன் அத்தை" என்றேன்.

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது முறையாகப் போயிருந்த மாமா, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"சின்னப் பையன ஏன் சும்மா சும்மா சொல்லுத?" என்று அத்தையை அதட்டிவிட்டு, என் தோளில் கை போட்டு லிஃப்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.